தாழ்தலும் தாழ்த்தலும்



தலையான பாவங்கள் ஏழையும் அவற்றுக்கு எதிரான புண்ணியங்கள் ஏழையும் ஞானோபதேச வகுப்பிலே மனப்பாடஞ் செய்து ஒப்புவித்த நாட்கள் உங்களுக்கு நினைவிருக்கலாம். ஆங்காரத்துக்கு எதிரானது தாழ்ச்சி. அதுவே பட்டியலில் முதலாவது. கேட்ட மாத்திரத்தில் சொல்லிவிடுவோம். ஆனால் தாழ்ச்சி என்றால் என்ன என்று ஒரு பிள்ளை திருப்பிக் கேட்டால் நம்மிற் பலர் சற்றே தடுமாறுவோம். தலை குனிந்து நடப்பதா? யாராவது புகழ்ந்தால், ‘ஐயோ, என்னிடம் என்ன இருக்கிறது’ என்று கையை விரிப்பதா?

நல்ல குரல்வளம் உள்ள ஒருவர் இருக்கிறார். பாடகர் குழுவிற் சேரும்படி சுவாமி கேட்கிறார். ‘எனக்கு என்ன சுவாமி தெரியும்’ என்று அவர் ஒதுங்கிக் கொள்கிறார். பிறகு கோவிலின் பின் வாங்கில் இருந்துகொண்டு, பாடுகிறவர்களின் சுருதி பிசகுவதை எண்ணிக்கொண்டிருக்கிறார். இது தாழ்ச்சியன்று, ஆங்காரமே வெள்ளை வேட்டி கட்டி வந்திருக்கிறது. தாழ்ச்சி என்பது உண்மையில் நடப்பது என்னும் கருத்தில் அவிலா நகர்ப் புனித தெரேசம்மாள் எழுதியிருக்கிறார். உள்ளதை இல்லை என்பவரும் இல்லாததை உண்டு என்பவரும் உண்மையில் நடப்பவர்கள் அல்லர். கடவுள் தந்த குரலைக் கடவுள் தந்தது என்று ஒப்புக்கொண்டு, எழுந்து பாடுவதே தாழ்ச்சி.

இது ஒரு பிழை. இதைவிடப் பெரிய பிழை வேறொன்று உண்டு. அதை விளங்கிக்கொள்ள நம் தமிழ் இலக்கணமே கை கொடுக்கிறது. தாழ்தல் தன்வினை, தாழ்த்தல் பிறவினை. ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். ஆனால் முன்னையது புண்ணியம், பின்னையது பாவம். நாமோ நெடுங்காலமாக இரண்டையும் ஒன்றாகவே குழப்பி வந்திருக்கிறோம். நாம் தாழ்ச்சியைப் போதித்ததெல்லாம் யாருக்கு என்று சற்று எண்ணிப் பாருங்கள். கூலிக்காரனுக்கு, மருமகளுக்கு, வாசலில் நிற்பவனுக்கு. யாழ்ப்பாணத்துக் கோவில்களிலே யார் எங்கே இருப்பது, எங்கே முழந்தாளிடுவது என்பதைச் சாதி தீர்மானித்த காலம் ஒன்று இருந்தது. பின்னால் நிறுத்தப்பட்டவன் பொறுமையாய் நின்றபோது அவனுடைய தாழ்ச்சியை மெச்சினோம். முன்னால் இருந்தவனுடைய தாழ்ச்சியைப் பற்றி ஒருவரும் விசாரிக்கவில்லை. இன்று வாங்குகள் எல்லாருக்கும் பொதுவாகிவிட்டன என்பது மெய்யே. கலியாணப் பேச்சு வரும்போது என்ன நடக்கிறது என்பதை உங்கள் மனச்சாட்சிக்கே விட்டுவிடுகிறேன்.

ஆண்டவர் இராப்போசன வேளையில் என்ன செய்தார்? ‘இராயப்பரே, அருளப்பருடைய பாதங்களைக் கழுவும்’ என்று கட்டளையிடவில்லை. தாமே எழுந்தார், தாமே துண்டைக் கட்டினார், தாமே தண்ணீர் வார்த்தார். தாம் போதகரும் ஆண்டவரும் என்பதை அவர் மறுக்கவும் இல்லை. பாதங்களைக் கழுவி முடித்த பிறகு அதைத் தாமே சொன்னார். (நாமோ பெரிய வியாழனன்று பாதங் கழுவப்படுவதற்குத் தெரியப்பட்டால், வீட்டிலேயே சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டுதான் கோவிலுக்கு வருகிறோம்.)

நம் நாட்டிலே இதை வாழ்ந்து காட்டியவர் புனித யோசப் வாஸ் அடிகளார். 1651 ஆம் ஆண்டு கோவாவிலே, பிராமண வழிவந்த கத்தோலிக்கக் குடும்பத்திற் பிறந்தவர். 1658 இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்த பிறகு, குருவானவர் ஒருவர் இங்கே கால் வைப்பதே குற்றமாயிற்று. 1687 இல் அடிகளார் கூலியாள் கோலத்தில், வெறுங்காலுடன் வந்து சேர்ந்தார். யாழ்ப்பாணத்திலே வயிற்றளைச்சல் கண்டு விழுந்து கிடந்து, பிறர் இரங்கிக் கொடுத்த கஞ்சியினாற் பிழைத்தார். பின்பு சில்லாலையில் தங்கி, இரவோடு இரவாகக் கிராமங்கள் தோறும் சென்று தேவதிரவிய அனுமானங்களை நிறைவேற்றினார்.

இங்கே ஒரு கேள்வி எழலாம். பிடிபடாமல் இருப்பதற்காகப் பிச்சைக்காரன் வேடம் பூணுவது தாழ்ச்சியாகுமா? ஒற்றனும் வேடம் பூணுகிறான் அன்றோ? நியாயமான கேள்விதான். கந்தலை வைத்து நானும் அவரை மெச்ச மாட்டேன். வேடம் தேவைப்படாத நாளில் அவர் என்ன செய்தார் என்பதே பார்க்கவேண்டியது.

அந்த நாளும் வந்தது. 1692 இல் கண்டிக்குப் போனபோது, போர்த்துக்கேயரின் ஒற்றன் என்று அவரைச் சிறையில் அடைத்தார்கள். காலப்போக்கில் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னனே அவருடைய நேர்மையைக் கண்டு மதிக்கலானான். அரசனின் ஆதரவு கிடைத்த பிறகு ஒளிய வேண்டியதில்லை, கந்தல் உடுக்க வேண்டியதில்லை. 1697 இல் கண்டியிலே பெரியம்மை பரவியது. 1980 இல் உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்ட அந்த நோயை நம் பிள்ளைகள் அறியார்கள். உடலெல்லாம் கொப்புளம் கண்டு, துர்நாற்றம் வீசி, பெற்ற பிள்ளையையே தாய் தகப்பன் விட்டு ஓடுகின்ற நோய் அது. ஓட முடிந்தவர்கள் ஓடினார்கள். அடிகளார் நின்றார். கைவிடப்பட்டவர்களைத் தேடிப் போய்ப் புண்களைக் கழுவினார், உணவூட்டினார், இறந்தவர்களைப் புதைத்தார். அவர்கள் என்ன சமயம், என்ன குலம் என்று கேட்கவில்லை. பிணந் தொடுவதைத் தீட்டு என்று எண்ணும் குலத்தில் வந்தவர் அதைச் செய்தார். யாரும் அவரைத் தாழ்த்தவில்லை, தாமாகவே தாழ்ந்தார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். திருத்தந்தையின் தூதராய் வந்த டூர்னோன் ஆண்டகை அவரை ஆயராக்க விரும்பியபோது அவர் அதற்கு இசையவில்லை. பொறுப்புக்கு அஞ்சியா? அப்படியல்ல, கொச்சி ஆயரின் பதில் குருவாக இந்நாட்டு மறைபரப்புப் பணி முழுவதையும் சுமந்தவர் அவர். வேலையை ஏற்றுக்கொண்டார், பட்டத்தைத்தான் விட்டார். நம் சங்கங்களிலே இது பெரும்பாலும் மறுதலையாக நடப்பதைக் காண்கிறோம். 1705 இல் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் வந்தபோது, தம்மிலும் மொழிப் புலமையில் மிக்கவர் என்று கண்டு, அவரை எழுத்துப் பணியில் ஊக்கினார். தம்மை மிஞ்சக்கூடியவனுக்கு வழிவிடுவது பட்டினி கிடப்பதைவிடக் கடினமான தபசு.

1711 தை 16 ஆம் நாள் கண்டியில் இறந்தார். 2015 தை 14 இல் காலிமுகத் திடலிலே பிரான்சிஸ் திருத்தந்தை அவரைப் புனிதராக உயர்த்திவிட்டு, அன்று பிற்பகலே மடு மாதாவிடம் சென்றதை நம்மிற் பலர் கண்ணாரக் கண்டோம். ஆயினும் அடிகளாரின் கல்லறை எங்கே என்று இன்று கண்டியில் ஒருவராலும் காட்ட முடியாது.

நம் வீடுகளிலே செத்தவீட்டுக்கு அச்சிடும் நினைவு மலரைப் பார்த்திருப்பீர்கள். கடல் கடந்த நாடுகளில் இருக்கும் பிள்ளைகளின் பெயர்கள், பட்டங்கள், பதவிகள் எல்லாம் வரிசையாய் இருக்கும். அவர்கள் பணம் அனுப்பினார்கள். அதைக் குறைவாகச் சொல்லவில்லை. ஆனால் படுக்கையிற் கிடந்த தகப்பனுக்கு ஆறு வருடமாக மலசலம் எடுத்து, உடம்பு துடைத்து, சீலை மாற்றிய ஒரு மகள் அதே வீட்டில் இருந்திருப்பாள். மலர் வெளியிடும் நாளில் அவளைத் தேடிப் பாருங்கள். வந்தவர்களுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டு குசினியில் நிற்பாள்.