பென்சிலும் மையும்

ஆட்டோகேடில் கோடு ஒன்றைத் தவறாக வரைந்துவிட்டால் ‘யூ’ என்ற ஒற்றை எழுத்தைத் தட்டி என்டர் கொடுத்தால் போதும், கோடு போய்விடும். மறுபடி கொடுத்தால் அதற்கு முன் செய்ததும் போய்விடும். தாளில் வரைந்த காலத்தில் ரப்பரால் அழித்த இடத்தில் ஒரு தேய்வாவது மிஞ்சும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தெரியும். திரையில் அந்தத் தடமும் இல்லை. தவறு நடக்கவேயில்லை என்றாகிவிடுகிறது.

1982இல் வெளிவந்த இந்த மென்பொருளை இன்று பாலிடெக்னிக்கிலும் பொறியியல் கல்லூரியிலும் நம் பெண்கள் பலர் கற்கிறார்கள். செய்ததை இல்லாததாக்கும் உரிமை யாருக்கு, எதுவரை உண்டு என்பது பழைய அறக்கேள்வி. அதற்கு இந்த மென்பொருளும் வரைபடத் தொழிலும் சில விதிகளை வைத்திருக்கின்றன.

முதல் விதி வரிசை பற்றியது. செயல்களைக் கடைசியிலிருந்துதான் நீக்கிக்கொண்டு போக முடியும். பத்துப் படிகளுக்கு முன் நேர்ந்த தவற்றை நீக்க வேண்டுமென்றால், அதன்பின் சரியாகச் செய்த ஒன்பதையும் இழக்க வேண்டும். இதற்கு மாற்றாக ‘ஊப்ஸ்’ என்றொரு கட்டளை உண்டு. கடைசியாக எதை அழித்தோமோ அதை மட்டும் அது மீட்டுத் தரும். அதற்குப்பின் வரைந்தவற்றைத் தொடாது.

கணவனை விட்டுப் பிரிந்து வந்த பெண்ணிடம் ‘எல்லாத்தையும் மறந்துட்டுப் பழையபடி இரு’ என்கிறார்கள். அவள் பின்னோக்கிப் போக வேண்டுமாம். இடையில் அவள் தேடிக்கொண்ட வேலை, தனியாக வளர்த்த பிள்ளை, பழகிய துணிச்சல் எல்லாம் அந்த ஒன்பது படிகளில் அடக்கம். அவளுக்குத் தேவைப்படுவது ‘ஊப்ஸ்’. அழிக்கப்பட்ட படிப்பும் பெயரும் மட்டும் திரும்பி வர வேண்டும். அவள் கட்டியது அப்படியே நிற்க வேண்டும்.

இரண்டாவது விதி எல்லை பற்றியது. கோப்பை மூடிவிட்டால் அந்த அமர்வின் படிகளைத் திரும்பப் பெற முடியாது. வரைபடத்தை அச்சிட்டுவிட்டாலும் தாள் தாள்தான். அந்தத் தாள் சைட்டுக்குப் போய், கொத்தனார் அதைப் பார்த்துச் சுவர் எழுப்பிவிட்டார் என்றால், அலுவலகத்தில் உட்கார்ந்து எந்த விசையைத் தட்டியும் சுவர் இறங்காது. அப்போது தொழிலில் செய்வது ரிவிஷன், அதாவது திருத்தம். மாற்றிய பகுதியைச் சுற்றி மேகம்போல் வளைகோடு வரைகிறார்கள். பக்கத்தில் திருத்த எண் இடுகிறார்கள். ஓரத்து அட்டவணையில் தேதி, என்ன மாறியது, யார் மாற்றியது, யார் ஒப்புதல் தந்தது என்று எழுதுகிறார்கள். பழைய தாளைச் செல்லாதது என்று குறித்துக் கோப்பில் வைக்கிறார்கள்.

ஆக, இன்னும் யார் கைக்கும் போகாத வரைவென்றால் அழித்துக்கொள்ளலாம். மற்றவர் வாழ்வைத் தொட்டுவிட்டது என்றால் தேதியும் பெயரும் இட்டுத் திருத்த வேண்டும். நியாயமான ஏற்பாடுதான். ஆனால் யாருடைய தவறு வரைவு, யாருடைய தவறு அச்சு என்று முடிவுசெய்வது யார்?

கணினிக்கு முந்தைய பிரிட்டனின் கப்பல் கட்டும் தளங்களிலும் பொறியியல் ஆலைகளிலும் இதற்கொரு பதில் இருந்தது. வரைவாளர்களாக இருந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள், பென்சிலால் வரைந்தார்கள். அதை லினன் துணிமேல் மையால் படியெடுத்த ‘டிரேசர்’கள் பெரும்பாலும் பெண்கள். சம்பளமும் குறைவு. அவன் தவறினால் ரப்பர் போதும். அவள் கை நடுங்கி ஒரு சொட்டு மை சிந்தினால், கத்தி முனையால் துணி கிழியாமல் சுரண்டி, அந்த இடத்தை மறுபடி வழவழப்பாக்க வேண்டும். சிந்தித்து வரைபவனுக்குத் தவறும் சுதந்திரமும், அதைப் படியெடுப்பவளுக்குத் தவறாமையும் விதிக்கப்பட்டிருந்தன.

நம் கதைகளிலும் இந்தப் பென்சிலும் மையும் உண்டு. கம்பராமாயணத்தில் கௌதமன் இந்திரனையும் சபிக்கிறான், அகலிகையையும் சபிக்கிறான். தேவர்கள் வந்து மன்றாடியதும் இந்திரன் உடம்பின் ஆயிரம் இழிகுறிகள் ஆயிரம் கண்களாகின்றன. அவமானம் அணியாயிற்று. அகலிகையோ இராமன் வரும்வரை கல்லாய்க் கிடக்கிறாள்.

புதுமைப்பித்தன் ‘சாபவிமோசனம்’ கதையில் இதைத் தாண்டிப் போகிறார். சாபம் நீங்கிய அகலிகை, சீதை தீக்குளிக்க நேர்ந்ததைக் கேட்டு மறுபடியும் கல்லாகிறாள். அவள் சாபம் மட்டுமே நீக்கப்பட்டது, சாபத்தைப் பிறப்பித்த சட்டம் திருத்தப்படவில்லை என்று நான் இதை வாசிக்கிறேன். மூல வரைபடம் அப்படியே இருந்தால் அடுத்த வீட்டுச் சுவரும் கோணலாகத்தான் எழும்.

இன்றும் மகனின் தவற்றுக்கு ‘வயசுக் கோளாறு’ என்று பெயர். அது வரைவு, இரண்டு வருடத்தில் எல்லாரும் மறந்துவிடுவார்கள். மகள் ஒருவனை நம்பி ஏமாந்தால், அது அச்சேறி ஊர் முழுக்கப் போய்விட்ட தாள். அவள் தவறு அவளைத் தவிர யாரையும் காயப்படுத்தவில்லை; அவன் தவற்றில் இன்னொருத்தியின் உடலோ வாழ்வோ இருக்கலாம். அறம் சொல்லும் இடத்தில் பென்சிலும், பென்சில் போதுமான இடத்தில் மையும் வைத்திருக்கிறோம்.

‘மன்னிப்பதுதானே பெண்ணுக்கு அழகு’ என்று கேட்பவர்கள் உண்டு. ஹன்னா அரெண்ட் 1958இல் வெளியான ‘தி ஹியூமன் கண்டிஷன்’ நூலில், செய்ததை இல்லாததாக்க முடியாத இக்கட்டிலிருந்து மனிதரை விடுவிப்பது மன்னிப்பே என்று வாதிடுகிறார். யாரும் தன்னைத் தானே மன்னித்துக்கொள்ள முடியாது என்பதும் அவர் வாதம்தான். அழிக்கும் விசையை யாருடைய சம்மதமும் இல்லாமல் தவறு செய்தவரே தட்டிக்கொள்ளலாம். மன்னிப்போ காயப்பட்டவளின் கையில் இருக்கிறது. என்ன நடந்தது என்று பெயர் சொல்லாமல் அதைக் கேட்கவும் முடியாது, கொடுக்கவும் முடியாது. ‘அதையெல்லாம் விடும்மா’ என்பவர் மன்னிப்புக் கேட்கவில்லை, விசையைத் தட்டுகிறார்.

ஆகவே நாம் கேட்பவை இரண்டு. நம் பெண்கள் தங்கள் வாழ்வை வரையும்போது தவறிப் பார்க்கவும், அழித்து மறுபடி வரையவும் இடம் வேண்டும். தவறாமல் யாரும் எதையும் கற்றதில்லை. அவர்கள் வாழ்வின்மேல் பிறர் வரைந்த தவறுகளோ அழியக் கூடாது. சுற்றி மேகம் வரையப்பட்டு, தேதியும் கையெழுத்தும் சேர்ந்து, பழைய தாளோடு கோப்பில் இருக்க வேண்டும்.