கல்லூரி மைதானமும் கருமயோகமும்

சில நூறு பேர் மட்டுமே படிக்கும் ஒரு கலைக்கல்லூரியில் விளையாட்டுத் துறை என்பது பெரும்பாலும் ஓர் உடற்கல்வி இயக்குநர், ஒரு மைதானம், பந்தும் வலையும் அடைத்து வைத்த ஓர் அறை, அவ்வளவுதான். விடியற்காலையில் ஓட்டம், மாலையில் கபடி, கைப்பந்து, கால்பந்துப் பயிற்சி, ஆண்டுக்கு ஒருமுறை விளையாட்டு விழா, பிறகு கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகள் என்று அதன் ஆண்டு நகர்கிறது. ஆனால் அந்தக் கல்லூரி தொடங்கப்பட்டது இலக்கியமும் வரலாறும் தத்துவமும் கற்பிக்க. மனிதர் எப்படி வாழ வேண்டும் என்பதே அங்குள்ள பாடங்களுக்கெல்லாம் அடிப்படை. அப்படிப்பட்ட இடத்தில் ஆட்டத்துக்கு என்ன வேலை என்ற கேள்வி நியாயமானது. அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. கல்வியில் உடலுக்கு இடம் உண்டா? வெற்றியை விரும்புவது அறத்துக்கும் ஆன்மிகத்துக்கும் பொருந்துமா? ஆடுபவர் யாருக்காக ஆடுகிறார்?

இவற்றை ஆராயப் புனே நகரம் ஏற்ற இடம். அங்கே ராணுவக் குடியிருப்புகள் சூழ்ந்த கோர்படியில், பதக்கத்தையே குறிக்கோளாகக் கொண்ட ராணுவ விளையாட்டு நிறுவனம் இருக்கிறது. வடக்கே, முளா-முட்டா ஆற்றின் அக்கரையில், எரவாடாவில் பழைய டெக்கான் கல்லூரி இருக்கிறது. பின்னாளில் கீதைக்குப் பேருரை எழுதிய பால கங்காதர திலகர் மாணவராக இருந்தது அந்தக் கல்லூரியில்தான்.

உடல்

உயிரைப் பற்றிச் சிந்தித்த மரபுகள் பலவும் உடலைச் சந்தேகத்தோடுதான் பார்த்தன. நிலையாமையைப் பேசும் தமிழ்ப் பாடல்களில் உடல் அழியும் கூடாகவும் ஓட்டைப் பாத்திரமாகவும் இகழப்பட்டது. அதே மரபுக்குள்ளிருந்தே மறுப்பும் எழுந்தது. உடம்பை இழிவென்று எண்ணியிருந்த தாம், அதற்குள் பரம்பொருள் குடியிருப்பதைக் கண்ட பின் அதைப் பேணத் தொடங்கியதாகத் திருமூலர் திருமந்திரத்தில் சொல்கிறார். உயிர் தங்கும் வீட்டை இடியவிட்டு உயிரை வளர்க்க முடியாது என்பது அவர் கண்ட உண்மை. கிரேக்கத்தில் பிளேட்டோவும் இதற்கு நெருங்கிய ஒன்றைச் சொன்னார். உடற்பயிற்சி உடலுக்கு, இசை ஆன்மாவுக்கு என்ற பிரிவினையை அவர் ஏற்கவில்லை. இரண்டும் ஆன்மாவுக்கே என்றார். உடற்பயிற்சி மட்டும் பெற்றவர் முரடாவார், இசை மட்டும் பெற்றவர் தளர்ந்துபோவார் என்பது அவர் தந்த காரணம்.

மகாராஷ்டிரத்தில் இந்தச் சிந்தனைக்குக் கண்கூடான வடிவம் உண்டு. 17-ஆம் நூற்றாண்டில் சமர்த்த ராமதாசர் அனுமன் வழிபாட்டையும் உடல்வலுவையும் சேர்த்தே பரப்பினார். தாலீம் எனப்படும் மற்பயிற்சிக் கூடங்களில் இன்றும் அனுமனாகிய மாருதி இருக்கிறார். மற்போர்க் குழியின் செம்மண்ணை மோரும் எண்ணெயும் மஞ்சளும் கலந்து பதப்படுத்துகிறார்கள். மண்வெட்டியால் அந்த மண்ணைக் கொத்திப் புரட்டிப் போடுவதும் பயிற்சியைச் சேர்ந்ததே. மல்லர் குழியில் இறங்கும்போது மண்ணைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொள்கிறார். சற்று நேரத்தில் அதே மண்ணில் எதிராளியை வீழ்த்த முனைகிறார், அல்லது தாமே வீழ்கிறார். வணக்கமும் போட்டியும் ஒரே குழிக்குள் நடக்கின்றன.

நவீனக் கல்லூரிக்குள் உடற்பயிற்சி வந்த வழி வேறு. அமெரிக்காவின் ஆம்ஹெர்ஸ்ட் என்ற சிறு கல்லூரி 1861-இல் எட்வர்ட் ஹிட்ச்காக்கை உடல்நலம், உடற்கல்வி இரண்டுக்கும் பேராசிரியராக அமர்த்தியது. ஒய்.எம்.சி.ஏ. இயக்கம் உடல், மனம், ஆன்மா என்ற மூன்று பக்கங்களைக் கொண்ட முக்கோணத்தைத் தன் சின்னமாக்கியது. அந்த இயக்கத்தின் வழியாக இந்தியாவுக்கு வந்த ஹாரி குரோ பக், 1920-இல் சென்னையில் உடற்கல்விக்கென்றே ஒரு கல்லூரியைத் தொடங்கினார். தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் உடற்கல்வி இயக்குநர்கள் பல தலைமுறைகளாக அங்கிருந்து வந்தார்கள். அதற்கு முன்பே, 1897-இல் சென்னையில் பேசிய விவேகானந்தர், கீதையைப் படிப்பதைக் காட்டிலும் கால்பந்து ஆடினால் சொர்க்கம் இன்னும் அருகில் வரும் என்ற பொருள்பட இளைஞர்களிடம் சொன்னார். கீதையைக் கைவிடச் சொன்ன பேச்சல்ல அது. தசை வலுத்தால் கீதை இன்னும் நன்றாக விளங்கும் என்பதே அவர் கருத்து.

அந்தக் கருத்துக்குத் திலகரின் வாழ்க்கையே சான்று போல் அமைந்தது. 1870-களில் டெக்கான் கல்லூரியில் சேர்ந்தபோது மெலிந்த உடல்வாகு கொண்டிருந்த அவர், முதலாண்டில் படிப்பை ஒதுக்கிவைத்து உடலை வளர்ப்பதிலேயே முனைந்தார். பின்னாளில் மாண்டலே சிறையின் ஆண்டுகளைத் தாங்கி நிற்க அந்த உடலே துணையாயிற்று. 1910–11-இல் அந்தச் சிறையில்தான் அவர் ‘கீதா ரகசியம்’ எழுதினார். 1915-இல் அது வெளிவந்தது.

பயன்

இரண்டாவது கேள்வி கடினமானது. செயலில் மட்டுமே உனக்கு உரிமை, அதன் பயனில் இல்லை என்பதே கீதையின் கருமயோகம். விளையாட்டோ பயனை எண்ணிக் கணக்கு வைக்கும் செயல். புள்ளி, நொடி, மீட்டர் இல்லாமல் போட்டி இல்லை. வெற்றியை விரும்பாமல் ஆடுபவர் ஆட்டத்தையும் எதிராளியையும் அவமதிக்கிறார். அப்படியானால் பற்றில்லாமல் ஆடுவது எப்படி?

கோர்படி நிறுவனத்தின் மைதானத்துக்கு 2021 முதல் நீரஜ் சோப்ராவின் பெயர். அந்த ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் அவர் ஈட்டியை 87.58 மீட்டர் எறிந்து தங்கம் வென்றார். ஈட்டி எறிதலின் விதிகளைக் கூர்ந்து பார்த்தால் இந்தக் கேள்விக்கு ஒரு விடை கிடைக்கிறது. ஆண்களுக்கான ஈட்டியின் எடை குறைந்தது 800 கிராம். எறிபவர் ஓடுபாதையில் வேகமெடுத்து, கடைசி அடிகளில் உடலைப் பின்னே சாய்த்து, ஊன்றிய காலின் மேல் மொத்த விசையையும் தோளுக்கு ஏற்றி விடுகிறார். ஓடுபாதையின் முடிவில் ஒரு வளைவுக் கோடு. அதைத் தொட்டாலும் எறிதல் செல்லாது. அதனால் விசை முழுவதையும் ஈட்டிக்குக் கொடுத்த பின், தம் உடலைக் கோட்டுக்கு உள்ளேயே தடுத்து நிறுத்த வேண்டும். ஈட்டி தரையைத் தொடும்வரை பாதையை விட்டு வெளியேறவும் கூடாது. காற்று திரும்பினாலும், ஈட்டி தாழ்ந்தாலும், எறிந்தவர் இனிச் செய்ய ஒன்றுமில்லை. கைவிட்டுப் போகும் கணம் வரை எல்லாம் அவர் பொறுப்பு. அதற்குப் பிறகு எதுவும் அவர் வசம் இல்லை.

கீதை சொல்லும் பற்றின்மைக்கும் அசட்டைக்கும் உள்ள தூரம் இங்கே தெரிகிறது. தூரத்தை நோக்கித்தான் எறிய வேண்டும். இலக்கில்லாமல் எறிதல் இல்லை. இலக்கு செயலுக்கு உள்ளே இருக்கிறது. பயனோ செயல் முடிந்த பிறகு, பல காரணங்கள் கூடி வருவது. கீதை துறவைப் போதிக்கிறது என்று கொண்டவர்களை மறுத்து, அது முழு ஊக்கத்தோடு செயலாற்றச் சொல்கிறது என்று ‘கீதா ரகசியம்’ நிறுவ முயன்றதும் இந்த வேறுபாட்டை வைத்தே.

திருக்குறள் மேற்பார்வைக்கு வேறு திசையில் நிற்பது போலத் தோன்றும். ஆள்வினையுடைமை அதிகாரத்தில் வள்ளுவர் முயற்சிக்குப் பயன் உண்டு என்றே உறுதி சொல்கிறார். தெய்வம் கூட்டாவிட்டாலும் உடல் வருந்திய அளவுக்குக் கூலி கிடைக்கும் என்பது அவர் வாக்கு. ஆனால் அவர் உறுதி தருவது உழைப்புக்கு ஏற்ற கூலிக்கு, பரிசுக்கு அல்ல. நான்கு ஆண்டு ஓடியும் ஒரு பதக்கமும் வாங்காத மாணவியின் நெஞ்சுரமும் நேர ஒழுங்கும் அவளைவிட்டுப் போவதில்லை. கீதை விட்டுவிடச் சொல்லும் பயனும் குறள் உறுதி சொல்லும் கூலியும் வெவ்வேறானவை என்று கண்டால் இரண்டுக்கும் பகையில்லை.

பற்று எங்கே தொடங்குகிறது என்பதை மைதானம் தெளிவாகவே காட்டிவிடும். வயதுச் சான்றிதழைத் திருத்துவது, ஊக்கமருந்து ஏற்றிக்கொள்வது, வேறு கல்லூரி ஆளைத் தம் மாணவராகக் காட்டி இறக்குவது, நடுவரை ஏமாற்றுவது எல்லாம் பயனுக்காகச் செயலையே கெடுப்பவை. பயனின் மேல் வைத்த பற்று செயலைத் தின்றுவிடும் என்ற பழைய எச்சரிக்கைக்கு இதைவிட நேரடியான உதாரணம் தேவையில்லை.

ஆள்

மூன்றாவது கேள்வி ஆடுபவரைப் பற்றியது. கோர்படி நிறுவனம் ஒலிம்பிக் பதக்கங்களை இலக்காக வைத்து 2001-இல் நிறுவப்பட்டது. வில்வித்தை, தடகளம், குத்துச்சண்டை, மல்யுத்தம், பளுதூக்குதல் போன்ற சில பிரிவுகளைத் தேர்ந்தெடுத்து, திறமையுள்ளவர்களைப் பொறுக்கியெடுத்து, சிறுவர்களையும் இளமையிலேயே சேர்த்து வளர்க்கிறது. அதன் நோக்கம் வெளிப்படையானது. அதற்கு உகந்த முறையும் அதுவே.

கலைக்கல்லூரி அந்த முறையை நகல் எடுத்தால் தன் வேலையை மறந்துவிடும். அதன் மைதானத்தில் ஆடுபவர்களில் மிகப் பெரும்பாலோர் விளையாட்டு வீரர்களாக வாழப் போவதில்லை. ஆசிரியராக, எழுத்தராக, வணிகராக, தாயாக, தந்தையாக வாழப் போகிறவர்கள் அவர்கள். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் 1973-இல் மூன்றாம் பிரிவு ஒன்று உருவானது. சிறு கலைக்கல்லூரிகள் பலவும் அதில்தான் இருக்கின்றன. விளையாட்டுத் திறமைக்கென்று உதவித்தொகை தரக்கூடாது என்பது அந்தப் பிரிவின் விதி. ஆடுபவர் முதலில் மாணவர் என்ற கருத்து அங்கே விதியாகவே எழுதப்பட்டிருக்கிறது.

இந்தியச் சூழலுக்கு அந்த விதியை அப்படியே கொண்டுவருவது நியாயமாகாது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கும் இடமும், பிறகு ரயில்வேயிலோ காவல்துறையிலோ கிடைக்கும் வேலையும் ஒரு குடும்பத்தையே கரையேற்றும். அந்தப் பயனை இழிவாகப் பேச வயிறு நிறைந்தவர்களுக்கு உரிமையில்லை. ஆனால் அந்த ஒதுக்கீடு கல்லூரிக்கு ஒரு கடனையும் வைக்கிறது. போட்டிக்குப் போன நாட்களுக்கு வருகைப்பதிவு கொடுத்துவிட்டு, தவறிய பாடத்தைத் திரும்ப நடத்தாமல் விட்டால், கோப்பைகள் கல்லூரியின் கண்ணாடி அலமாரியில் இருக்கும். மாணவரோ அரியர்களோடு வெளியேறுவார். மனிதரை ஒருபோதும் வெறும் கருவியாக நடத்தாதே என்று இம்மானுவேல் கான்ட் வகுத்த அறவிதி அங்கே மீறப்படுகிறது.

அந்தக் கடன் சரியாக உணரப்பட்டதற்கு மகாராஷ்டிரத்திலேயே ஒரு நிகழ்வு உண்டு. கராடு அருகே கோலேஷ்வர் கிராமத்தில் பிறந்த கஷாபா ஜாதவ் கோலாப்பூர் ராஜாராம் கல்லூரியில் படித்த மல்லர். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் ஆறாம் இடம் பெற்றார். 1952-இல் ஹெல்சின்கி செல்லப் பணம் இல்லாமல் தவித்தபோது, ராஜாராம் கல்லூரியின் முதல்வராக இருந்தவர் தம் வீட்டை அடமானம் வைத்து 7,000 ரூபாய் கொடுத்தார். ஜாதவ் வெண்கலம் வென்றார். சுதந்திர இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம் அது. அடுத்ததற்கு நாடு 1996 வரை, 44 ஆண்டுகள் காத்திருந்தது. ஊர் திரும்பியதும் ஜாதவ் மற்போர்ப் பந்தயங்கள் நடத்தி, அவற்றில் வென்ற பணத்தால் அந்தக் கடனை அடைத்தார்.

வீட்டுப் பத்திரத்தைக் கொடுத்த நாளில் அந்த முதல்வருக்குப் பதக்கம் பற்றி எந்த உறுதியும் இல்லை. ஜாதவ் முதல் சுற்றிலேயே தோற்றிருந்தாலும் முதல்வர் செய்தது சரியான செயலாகவே இருந்திருக்கும். அவர் கொடுத்தது பதக்கத்துக்கு விலையன்று, தம் மாணவரிடம் வைத்த நம்பிக்கை. கருமயோகம் மைதானத்துக்கு வெளியிலும் இப்படித்தான் நடக்கிறது.

மூன்று விடைகளையும் சேர்த்தால் ஒரு சிறு கல்லூரியின் விளையாட்டுத் துறை எப்படி நடக்க வேண்டும் என்பது விளங்கும். உடல் எல்லாருக்கும் உண்டு என்பதால் மைதானம் அணியில் இடம் கிடைக்காதவருக்கும் மாணவியருக்கும் மாற்றுத் திறனாளிக்கும் திறந்திருக்க வேண்டும். இலக்கு செயலுக்குள் இருப்பதால் பயிற்சி கடுமையாகவே இருக்கலாம். ஏமாற்றிப் பெற்ற வெற்றியை மட்டும் கல்லூரியே முன்வந்து திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஆடுபவர் கல்லூரியின் சொத்து அல்லர் என்பதால், அவர் தவறவிட்ட பாடத்தை அவருக்கு நடத்தி முடிப்பது ஆசிரியர்களின் கடமை. இவற்றைச் செய்யும் கல்லூரியில் மைதானமும் ஒரு வகுப்பறைதான்.