மயக்க மருந்தும் மனிதன் பொறுப்பும்

மனக்கொதிப்பைத் தணிக்க ஒருவன் மருந்து உட்கொள்கிறான். அம்மருந்தே அவனைச் சீற்றங்கொள்ளச் செய்கிறது. அந்நிலையில் அவன் இழைக்கும் தீங்குக்கு அவன் பொறுப்பாளியா? இவ்வினா வெறுங் கற்பனையன்று.

1982ஆம் ஆண்டு இங்கிலாந்தில், ஒருவனை உடன் வாழ்ந்த பெண் வீட்டைவிட்டுப் போகச் சொன்னாள். மனங்கலங்கிய அவன், அவளுக்குரிய வாலியம் மாத்திரைகள் சிலவற்றை விழுங்கினான். அவை பழையவை, கேடு செய்யமாட்டா என்று அவளும் கூறினாள். பின்னர் அவன் படுக்கையறை அலமாரிக்குத் தீயிட்டான். குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. ஆயினும் 1984இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கிற்று.

ஏன்? குடியின் விளைவை யாவரும் அறிவர். ஆதலின் குடித்தவன் "அறியேன்" என்றல் செல்லாது. வாலியமோ அமைதி தருவதென்றே அறியப்பட்ட மருந்து. அதனால் வெறி எழக்கூடுமென்று அவன் அறிந்திருந்தானா, அறிந்தும் துணிந்தானா என்பதையே ஆராய்ந்திருத்தல் வேண்டும் என்றனர் நீதிபதிகள்.

இவ்வகை மருந்துகள் மூளையின் கிளர்ச்சியை அடக்குவன. பெரும்பாலோர்க்கு உறக்கமும் அமைதியும் தருவன. மிகச் சிலரிடத்திலோ சினத்தைக் காக்கும் காவலன் உறங்கிவிடச் சினம் மட்டும் விழித்திருக்கிறது. சிறுவர், முதியோர், மதுவும் உடன் அருந்துவோர் ஆகியோர்க்கு இவ்வபாயம் மிகுதி.

"எண்ணம் எதுவாயினும் அடிபட்டவன் வலி குறையுமோ?" என்று சிலர் கேட்பர். குறையாது. ஆதலின் நேர்ந்த தீங்கிற்கு ஈடுசெய்யும் கடமை நீங்குவதில்லை. ஆனால் ஈடு வேறு, பழி வேறு. பழியை அளக்கும் கோல் அறிவும் எண்ணமுமேயாகும்.

அவ்வாறாயின் அறியாமை என்றும் அரணாகுமா? ஆகாது. முதன்முறை அறியாதவன் இரங்கத்தக்கவன். தன் இயல்பைக் கண்டபின்னும் அதனையே நாடுபவன் குற்றமுடையவன். அபாயத்தை எடுத்துரையாத மருத்துவனுக்கும், தன் மாத்திரையைப் பிறர்க்கு ஈயும் உறவினனுக்கும் அதில் பங்குண்டு.

பஞ்சசீலம் மதுவை விலக்கியது அது கருத்தழிவுக்கு ஏதுவாவதனாலேயே. நோய் தீர மருந்துண்பது சீலக்கேடன்று. விழிப்பின்றி உண்பதே பிழை.

ஆகவே அன்பர்களே, இல்லத்தில் ஒருவர் இம்மருந்தால் இயல்பு திரிந்து சினந்தால், அவரைத் தீயவரென்று தள்ளாதீர். உடனே மருத்துவரிடம் உரையுங்கள். நெடுநாள் உண்டதைத் தாமே திடீரென நிறுத்துவதும் வலிப்பு முதலிய கேடு விளைக்கும். கேட்டறிதலும் சொல்லி உணர்த்துதலுமே இங்கு அறம்.