நைவேத்தியத்துக்கு முன்னால் ஒரு சோதனை

2024-ல் புரட்டாசி பிறந்த மறுநாள். தமிழ்நாட்டுப் பக்தர்கள் திருத்தணி, நகரி, புத்தூர் வழியாகத் திருமலைக்கு நடந்துகொண்டிருக்கும் காலம். முந்தைய ஆட்சியில் திருப்பதி லட்டுக்கு வாங்கிய நெய்யில் விலங்குக் கொழுப்பு கலந்திருந்ததாக ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு அன்று அறிவித்தார். நெய் போனது தமிழ்நாட்டிலிருந்து. சோதித்தது குஜராத்தின் ஆனந்த் நகரிலுள்ள தேசிய பால்வள வாரிய ஆய்வுக்கூடம். கலப்படத்தைக் கண்டுபிடிக்கத் திருமலை திருப்பதி தேவஸ்தானத்துக்குச் சொந்த ஆய்வுக்கூடம் இல்லை என்று அதன் அப்போதைய நிர்வாக அதிகாரி சியாமளா ராவே ஒப்புக்கொண்டார்.

பெருமாளுக்கு ஆன பிறகு எதுவும் பிரசாதம்தானே, அதைக் குழாயில் ஊற்றிச் சோதிக்கலாமா என்று மனம் புண்பட்டுக் கேட்டவர்கள் உண்டு. அந்தக் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அதற்கான பதில் சம்பிரதாயத்திலேயே இருக்கிறது.

ஸ்ரீபாஷ்யத்தில் இராமாநுசர் பக்திக்கான சாதனைகளைச் சொல்லும்போது முதலில் வைப்பது விவேகம். அங்கே அது உணவைப் பற்றியது. பொருளின் இயல்பிலேயே உள்ள குற்றம், அது யாரிடமிருந்து வந்தது என்பதால் சேரும் குற்றம், ஏதாவது விழுந்து கலந்ததால் வரும் குற்றம் என மூன்றையும் பார்த்து விலக்கச் சொல்கிறார். இன்றைய உணவு ஆய்வாளரும் ஏறக்குறைய இதையேதான் கேட்கிறார்: இது என்ன, யார் அனுப்பியது, உள்ளே என்ன கலந்திருக்கிறது? திருமலை மடைப்பள்ளியில் வகுளமாதா சிலை இருக்கிறது. மகனுக்குப் போகும் தளிகையைத் தாய் மேற்பார்வையிடுகிறாள் என்பது ஐதீகம். தாய் பார்ப்பது அவநம்பிக்கையால் அல்ல. படைத்த பின் குறை பார்க்கக் கூடாது என்றால், பார்க்க வேண்டியதையெல்லாம் படைப்பதற்கு முன்பே பார்த்தாக வேண்டும்.

முன்கூட்டியே, வாசலிலேயே பார்க்கும் அந்தக் கடமை தேச அளவில் அரசுடையது. 2008-ல் சீனாவில் மெலமைன் கலந்த பால்மாவால் 6 குழந்தைகள் இறந்தன. ஏறக்குறைய 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டன. அந்தச் செப்டம்பரிலேயே இந்தியா சீனப் பால்பொருள் இறக்குமதியைத் தடைசெய்தது. டின் டின்னாகச் சோதித்து முடிக்கும்வரை காத்திருக்கவில்லை. துறைமுக ஆய்வுக்கூடங்கள் மெலமைனைக் கண்டறியும் திறன் பெறும்வரை என்று பின்னர் தடையை நீட்டித்துக்கொண்டே போனது. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் இறக்குமதியோடு கோயில் பிரசாதத்தையும் தன் எல்லைக்குள் வைத்திருக்கிறது.

முன்னெச்சரிக்கைக்கும் விலை உண்டு. ஏலக்காயில் பூச்சிக்கொல்லி எச்சம் இருந்ததென்று 2023 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றம் சபரிமலை அரவணை விற்பனையை நிறுத்தியது. 6.5 லட்சத்துக்கும் மேற்பட்ட டின்கள் முடங்கின. 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. வழக்குப் போட்டவர் முன்பு அங்கே ஏலக்காய் கொடுத்து வந்த வியாபாரி.

ஆகவே நிறுத்தும் அதிகாரத்தோடு நிதானமும் வேண்டும். ஆனந்த் அறிக்கையிலேயே, மாட்டின் தீவனம் போன்ற காரணங்களால் முடிவு பிழையாக வரக்கூடும் என்ற குறிப்பு இருந்தது. ஜூலையில் வந்த அந்தத் தாளைக் கோடிக்கணக்கான பக்தர்கள் செப்டம்பரில் அரசியல் மேடையிலிருந்து கேட்க நேர்ந்தது பெரிய கொடுமை. திருமலையில் சாந்தி ஹோமம் நடந்தது. அக்டோபர் 4 அன்று உச்ச நீதிமன்றம் 5 பேர் கொண்ட புலனாய்வுக் குழுவை அமைத்தது: சிபிஐ அதிகாரிகள் 2 பேர், ஆந்திரக் காவல்துறையினர் 2 பேர், உணவுப் பாதுகாப்பு ஆணைய அதிகாரி ஒருவர். அந்த ஐந்தாவது ஆளை ஜூலையிலேயே அழைத்திருக்க வேண்டும்.