வெட்டுப்பட்ட அலையும் இன்மை அறிவும்

ஆம்ப்ளிஃபயர் தன் மின்வழங்கலுக்கு மேற்பட்ட வோல்ட் தர முயலும்போது ஒலி அலையின் உச்சியும் அடியும் தட்டையாகிவிடும். இதுவே கிளிப்பிங். எஞ்சின் ஓடும் காரில் கிடைப்பது ஏறத்தாழ 14 வோல்ட். டேஷ்போர்டு ஹெட் யூனிட்டுக்குள் இருக்கும் சாதாரண ஆம்புக்கு அதுவே வரம்பு. தனி ஆம்ப்கள் அந்த வோல்ட்டை உயர்த்திக்கொள்ளும் என்றாலும் அவற்றுக்கும் ஒரு வரம்பு உண்டு. அதற்கு மேல் வால்யூமைத் திருப்பினால் அலை உயராது, உச்சி சீவப்படும். வந்திருக்க வேண்டிய ஒரு பகுதி வராமல் போவதே இங்கு நடப்பது. ஆகவே கிளிப்பிங்கைக் கண்டறிவது என்பது ஓர் இன்மையை அறிவதாகும்.

இன்மை எந்த அளவையால், அதாவது எந்த அறியும் வழியால், அறியப்படுகிறது என்பதில் இந்திய மெய்யியலார் நெடுங்காலம் வாதிட்டார்கள். தரையில் குடம் இல்லை என்று தெரிகிறது. எப்படித் தெரிகிறது? காணாமை என்பதே ஒரு தனி அளவை என்றார் மீமாம்சகரான குமாரில பட்டர். தரையைக் காணும் கண்ணே அதன் குடமின்மையையும் காண்கிறது என்றனர் நியாய நூலாராகிய நையாயிகர். பௌத்தரான தர்மகீர்த்தி காணாமையைக் கருதலுக்கான, அதாவது ஊகித்தறிவதற்கான, ஏதுவாகக் கொண்டார். தமிழில் மணிமேகலையின் 27ஆம் காதை பத்து அளவைகளுள் ஒன்றாக அபாவத்தை, அதாவது இன்மையை, வைக்கிறது. சிவஞான சித்தியார் பல அளவைகளைச் சொல்லிவிட்டு, காண்டல், கருதல், உரை (நம்பத்தக்கவர் சொல்) என்ற மூன்றில் மற்றவற்றை அடக்கிவிடுகிறது. இத்தனை பிணக்கிலும் ஒரு நிபந்தனை மட்டும் நிலைக்கிறது: பொருள் அங்கே இருந்திருந்தால் தெரிந்திருக்க வேண்டும். இருட்டறையில் குடத்தைக் காணாதது குடமின்மைக்குச் சான்றாகாது.

காரில் காதை மட்டும் நம்புவது பெரும்பாலும் இருட்டறையில் தேடுவதுதான். 40 ஹெர்ட்ஸ் பாஸ் அலை சமச்சீராக வெட்டுப்பட்டால் 120, 200 ஹெர்ட்ஸ் என ஒற்றைப்படை மடங்கில் புதிய சுரங்கள் பிறக்கும். லேசான வெட்டு என்றால் பாட்டும் டயர் இரைச்சலும் அவற்றை மூடிவிடும். கேட்பவருக்கு பாஸ் இன்னும் கனமாக இருப்பதாகவே படும். இதற்குள் சப்வூஃபரின் சுருள் சூடேறிக்கொண்டிருக்கும், ஏனெனில் ஒரே உச்ச வோல்ட்டில் முழுச் சதுர அலை தரும் திறன் சைன் அலையினதைப் போல இரு மடங்கு. ‘கேட்கவில்லை, எனவே கிளிப்பிங் இல்லை’ என்ற முடிவு மேற்சொன்ன நிபந்தனையில் தோற்றுவிடுகிறது.

காது போதாதபோது கருவிகளை நாடுகிறோம். அவற்றுள் மல்டிமீட்டர் முறை உண்மையில் உரை அளவையைச் சார்ந்தது. 4 ஓம் சுமையில் 100 வாட் வேண்டுமென்றால், திறனையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வருவது 20 வோல்ட். சோதனைச் சுருதியை ஓடவிட்டு, மீட்டர் அந்த வோல்ட்டைக் காட்டும்வரை ஆம்பின் கெயின் குமிழைத் திருப்புவார்கள். ஆனால் மீட்டர் அலையின் வடிவத்தைக் காட்டாது. அந்த ஆம்ப் 100 வாட் வரை வெட்டில்லாமல் தரும் என்பது தயாரிப்பாளரின் சொல். சொன்னவர் நம்பத்தக்கவராக இருந்தால் முறை செல்லும். மலிவான ஆம்ப்களின் அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் வாட் எண்ணை ஆப்த வாக்கியமாகக் கொள்வது கடினம்.

டிஸ்டார்ஷன் மீட்டரின் வழி கருதல். அது மூலச் சுருதியைக் கழித்துவிட்டு எஞ்சும் சுரங்களை அளக்கிறது; காரியத்திலிருந்து காரணத்தை ஊகிக்கிறது. ஆற்றில் வெள்ளம் கண்டு மேலே மழை பெய்ததென அறிவது நியாய நூலாரின் எடுத்துக்காட்டு. அதற்கான தடையையும் நியாய சூத்திரமே எழுப்புகிறது: ஆற்றை அடைத்தாலும் நீர் உயருமே? மழைவெள்ளத்தின் வேகமும் நுரையும் மிதந்துவரும் இலையும் பழமும் வேறு என்பது உரைகாரர் வாத்ஸ்யாயனரின் விடை. இங்கும் அப்படித்தான். ஸ்பீக்கரின் கூம்பு அளவு மீறி அசைந்தாலும் ஒலி கெடும், ஆனால் அப்போது ஆம்பின் முனையில் அலை சுத்தமாகவே இருக்கும். எனவே ஒலியை அல்ல, ஆம்பின் முனையிலுள்ள மின் அலையையே அளக்க வேண்டும்.

ஆசிலோஸ்கோப்பில் தட்டையான உச்சி நேரே கண்ணுக்குப் படுகிறது. இது நையாயிகர் பக்கம் பேசுவதுபோல் தோன்றும். ஆனால் திரையில் தெரிவது தட்டைக்கோடு மட்டுமே. அங்கே ஒரு வளைவு இருந்திருக்க வேண்டும் என்று சொல்வது, உள்ளே செலுத்தியது சைன் அலை என்ற முன்னறிவு. சோதனைச் சுருதியின் பயன் அதுவே. முதலில் ஹெட் யூனிட்டின் வெளியீட்டையும் பிறகு ஆம்பின் வெளியீட்டையும் பார்ப்பது முறை. முன்னதிலேயே வெட்டுப்பட்டிருந்தால் பின்னதன் கெயினைக் குறைப்பது தட்டையான அலையைச் சிறிதாக்குமே தவிர, உச்சியைத் திருப்பித் தராது. வெவ்வேறு உயரமுள்ள பல உச்சிகள் ஒரே தட்டைக்கோடாகிவிடுவதால், கோட்டைப் பார்த்துப் பழைய உயரத்தைச் சொல்ல இயலாது.

இசைக்கு மாறினால் அந்த முன்னறிவு போய்விடுகிறது. ராக் கிட்டாரின் கரகரப்பு வேண்டுமென்றே வெட்டிய அலை. இசைக்கலைஞர் விரும்பாத உச்சியை ‘இல்லை’ என்று குறைசொல்வதில் பொருளில்லை. ஒவ்வோர் இன்மைக்கும் எதன் இன்மை என்று காட்டும் பிரதியோகி வேண்டும் என்பது தருக்க நூலாரின் விதி. 2008இல் மெட்டாலிகா இசைக்குழுவின் ‘டெத் மேக்னட்டிக்’ ஆல்பம் வந்தபோது, அதன் பதிவிலேயே உச்சிகள் சீவப்பட்டிருப்பதாக ரசிகர்கள் குறைப்பட்டார்கள். அதே பாடல்கள் ‘கிட்டார் ஹீரோ’ விளையாட்டுக்காக அவ்வளவு நெருக்கப்படாத வடிவில் வெளியாகியிருந்தன; இரண்டையும் அருகருகே வைத்தே அவர்கள் அதைக் காட்டினார்கள். உள்ளீட்டையும் வெளியீட்டையும் ஒப்பிட்டு எரியும் ஆம்பின் கிளிப் விளக்கு இத்தகைய பதிவுக்கு எரியாது. அந்த ஆம்பில் எதுவும் இழக்கப்படவில்லை.