காணாத அறை

இடித்துவிட்ட எங்கள் பழைய வீட்டை, ஒரு கல்யாண வீடியோவிலிருந்து கம்ப்யூட்டரில் எழுப்பிக் காட்டினான் என் தங்கை மகன். காமிரா நகர்ந்தால் அருகிலுள்ள தூண் வேகமாகவும் தூரத்துச் சுவர் மெதுவாகவும் இடம் மாறும். அந்த வித்தியாசத்தைக் கொண்டு யந்திரம் ஆழத்தைக் கணக்கிடுகிறது. இரண்டு படங்களிலிருந்து இதைச் செய்யும் கணக்கை பிரிட்டிஷ் விஞ்ஞானி லாங்கே-ஹிக்கின்ஸ் 1981லேயே எழுதினார். 2020ல் வந்த 'நெர்ஃப்' முறை, ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் அடர்த்தியையும் கற்றுக்கொள்கிறது. ஆனாலும் ஒற்றைக் காமிராவுக்கு வீடும் பொம்மை வீடும் ஒன்றுதான். ஒரு கதவின் உயரத்தையாவது நாம் சொல்லித் தர வேண்டும்.

"சமையலறை எங்கேடா?"

"அங்கே காமிரா போகலை, மாமா. வேணும்னா ஊகிச்சுப் போடச் சொல்லலாம்."

அன்று முழுதும் அம்மா அங்கேதான் இருந்தாள். யாரும் அவளைப் படம் பிடிக்கவில்லை.

ஊகம் என் பிழைப்பு. பாராத அறைகள் எத்தனையோ கட்டியிருக்கிறேன். அது கதையென்று வாசகருக்குத் தெரியும். இங்கேயோ, பார்த்த சுவரும் பாராத சுவரும் ஒரே வெளிச்சத்தில் நிற்குமே! பாட்டியைப் பார்த்திராத என் மகள் எதை நம்புவாள்?

"வேண்டாம், இருட்டாகவே விடு" என்றேன்.

இரவு படுத்தபின் யோசித்தேன். அடுப்பு கிழக்குச் சுவரில் இருந்ததா, தெற்கிலா? எனக்கே நினைவு வரவில்லை.