யாருக்காக வேண்டாம்?

உணவகத்தில் ஒரு பெண் 'வேண்டாம்' என்று சொல்ல நம் ஊரில் மூன்று காரணங்கள் செல்லுபடியாகும். ஒன்று விரதம். "இன்னிக்கு விரதம், வெங்காயம் பூண்டு இல்லாம என்ன இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள், சர்வர் உள்ளே போய் மாஸ்டரிடமே விசாரித்துவிட்டு வருவார். இரண்டாவது நோய். "சுகர் இருக்கு" என்றால் காபி சர்க்கரையில்லாமல் வரும், கூடவே கொஞ்சம் அனுதாபமும் வரும். மூன்றாவது குழந்தை. "பால் குடுக்கிற பொண்ணு, காரம் ஆகாது" என்றால் பக்கத்து மேசைக்காரர்கூட ஆமாம் என்று தலையாட்டுவார். நான்காவதாக ஒரு காரணம் உண்டு. நான் யோசித்தேன், எனக்கு வேண்டாம் என்று முடிவு செய்தேன். இதைச் சொன்னதும்தான் விசாரணை ஆரம்பமாகிறது.

அந்த நான்காவது காரணம் ஏன் காரணமாகவே எண்ணப்படுவதில்லை என்பது எனக்கு வெறும் யோசனை அல்ல. என் இலையில் இரண்டு வேண்டாம்கள் இருக்கின்றன. கோதுமை வேண்டாம், அது நோய். பால், தயிர், நெய் வேண்டாம், அது மனசாட்சி.

நோயின் பெயர் சீலியாக். கோதுமை, பார்லி போன்ற தானியங்களில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றல் சொந்தச் சிறுகுடலையே தாக்கும். சத்தை உறிஞ்சும் பகுதி தேயும். இரும்புச்சத்து உடலில் சேராது. வாழ்நாள் முழுக்கக் குளூட்டனை விலக்குவதுதான் மருத்துவம். எனக்கு இது தெரியவர ஆண்டுகள் பிடித்தன. வெளியே தெரிந்தது ரத்தச்சோகை மட்டுமே. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, இந்தியாவில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தச்சோகை இருப்பதாகச் சொல்கிறது. பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இருப்பது நோயாகத் தெரிவதில்லை, பெண்ணாய்ப் பிறந்ததன் ஒரு பகுதியாகிவிடுகிறது. "லேடீஸுக்கு ரத்தம் கம்மியாத்தாம்மா இருக்கும்" என்று சொல்லி ஒருவர் பின் ஒருவராக இரும்பு மாத்திரை எழுதினார்கள். மாத்திரை சாப்பிட்டும் ஏன் ஏறவில்லை என்ற கேள்வியை ஒருவர் கேட்ட பிறகுதான் பரிசோதனைகளும் நோயின் பெயரும் வந்தன.

பாலை விட்டதற்கு மருத்துவர் யாரும் காரணம் இல்லை. பசு கன்று ஈன்றால்தான் பால் சுரக்கும். அந்தப் பாலுக்காக அதை மறுபடி மறுபடி சினைப்படுத்துகிறோம். காளைக்கன்று என்றால் அதற்கு இந்த ஏற்பாட்டில் இடமே இல்லை. பெண் உடலின் இனப்பெருக்கத்திலிருந்து எடுக்கப்படும் உணவு என்ற பொருளில் பாலையும் முட்டையையும் 'பெண்ணாக்கப்பட்ட புரதம்' என்றார் அமெரிக்கப் பெண்ணியர் கேரல் ஆடம்ஸ். 1990இல் வந்த அவருடைய நூலைப் படிப்பதற்கு முன்பே என்னை உறுத்தியது மணிமேகலையில் வரும் ஆபுத்திரன் கதை. பெற்றவள் விட்டுப்போன குழந்தையைப் பசு ஒன்று நாவால் நக்கி ஏழு நாள் பாலூட்டுகிறது. வளர்ந்த பிள்ளை வேள்விக்குக் கட்டிவைத்த பசுவை அவிழ்த்துக்கொண்டு போய் அடி வாங்குகிறான். வகுப்பில் ஆண்டுதோறும் இதை நடத்துகிறேன். அந்தப் பசு தானாக வந்து கொடுத்தது. கொடுப்பதற்கும் கறப்பதற்கும் இடையில் உள்ள தூரம் ஒரு கட்டத்தில் என் தம்ளரில் தெரிய ஆரம்பித்தது. இது எனக்கு நானே வைத்துக்கொண்ட வரம்பு. யாருடைய தம்ளரையும் நான் எட்டிப் பார்ப்பதில்லை.

இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு சைவ உணவகத்துக்குப் போனால் எளிதாக இருக்கும் என்று நினைப்போம். இட்லியும் தோசையும் அரிசி, உளுந்து. தேங்காய்ச் சட்னியில் பாலும் இல்லை, கோதுமையும் இல்லை. ஆனால் பொங்கலில் நெய் மிதக்கும். அவியலில் தயிர். ரவா தோசையில் ரவையோடு மைதா. அதே கல்லில்தான் என் சாதாத் தோசையும் வேகும். பூரி பொரித்த எண்ணெயில் உளுந்து வடை விழும். இவற்றையெல்லாம் கண்ணால் பார்த்து ஒதுக்கலாம். பெருங்காயத்தை எப்படி ஒதுக்குவது? டப்பாவில் வரும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். சிலவற்றில்தான் அரிசி மாவு. சாம்பார், ரசம், இட்லிப் பொடி எல்லாவற்றிலும் அது இருக்கிறது. பொட்டல உணவுக்குச் சட்டம் இருக்கிறது. ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால் 'குளூட்டன் இல்லாதது' என்று அச்சிடக்கூடாது. வீகன் உணவுக்கு 2022இல் தனி விதிமுறைகளே வந்துவிட்டன. வாளியில் வரும் சாம்பாருக்கு முத்திரை ஏது? கேட்டால்தான் தெரியும். கேட்பதோ, பெண்ணுக்குப் பழக்கமில்லாத வேலை.

நம்மில் பலருக்கு "என்ன சாப்பிடுறீங்க?" என்று யாராவது கேட்பதே உணவகத்தில்தான். வீட்டில் அந்தக் கேள்வியை நாம்தான் எல்லோரிடமும் கேட்கிறோம். கடைசியில் உட்கார்ந்து மிச்சத்தைச் சாப்பிடுகிறோம். உணவகத்திலும் குடும்பமாகப் போனால் சர்வர் ஆணின் முகத்தைப் பார்த்துத்தான் ஆர்டர் எடுப்பார். அந்த மேசையில் ஒரு பெண் "இதில் என்ன பெருங்காயம்?" என்று கேட்டால் சர்வருக்கு முன்பே வீட்டார் நெளிவார்கள். "எதையாவது சாப்பிடேன், எதுக்கு வம்பு."

இருந்தாலும் கோதுமைக்கு மன்னிப்பு கிடைத்துவிடுகிறது. "பாவம், என்ன வியாதியோ." பாலுக்குத்தான் கிடைப்பதில்லை. "அது ஏன் மேடம்? பாலும் சைவம்தானே?" தோழிகள் ஒரு வழி சொன்னார்கள்: "ரெண்டுக்கும் டாக்டர் சொன்னார்னு சொல்லிடுடீ. வேலை முடிஞ்சது." உண்மைதான், முடிந்துவிடும். ஆனால் அது முடிகிற விதம்தான் எனக்கு ஒப்பவில்லை. டாக்டர் சொன்னால், சாமிக்கு நேர்ந்துகொண்டால், பிள்ளைக்கு ஆகாது என்றால் அடுப்படி வளைந்து கொடுக்கிறது. கணவன் நீடூழி வாழ ஒருத்தி நாள் முழுக்கப் பட்டினி கிடந்தால் அது புண்ணியம். பசுவை நினைத்து ஒரு கரண்டி நெய்யை மறுத்தால் "ஓவரா பண்றா." அளவில் முதலாவதுதான் பெரிது. ஆனால் அதில் அவளுடைய மறுப்புக்குப் பின்னால் வேறொருவர் நிற்கிறார். நாம் மதிப்பது பின்னால் நிற்பவரைத்தான். அவள் தனியாக நின்றால் அந்தச் சொல்லுக்கு எடை இல்லை.

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. என் மாணவியர் எழுப்பியதுதான். நம் மண்ணில் உணவை மறுப்பது ஒருபோதும் வெறும் உணவு விஷயமாக இருந்ததில்லை. யார் சமைத்தது, யார் தொட்டது, யார் பக்கத்தில் உட்கார்ந்தது என்று கேட்டு மறுத்துத்தான் சாதி தன்னைக் காப்பாற்றிக்கொண்டது. ஒரு சமயத்தின் பெயர் சோற்றின் பெயராகி, அதன் முன்னால் 'உயர்தர' என்ற சொல்லும் பலகையில் ஏறியது. 1957இல் சென்னையில் உணவகப் பலகையிலிருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை அழிக்கச் சொல்லிப் பெரியார் மறியல் நடத்த வேண்டியிருந்தது. அந்த வரலாற்றுக்குப் பிறகு, இலையைப் பார்த்து முகம் சுளிக்கும் இன்னொருத்தியாக நான் தெரிவதில் வியப்பில்லை.

அதனால் எனக்கு ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. என் கேள்வி பாத்திரத்தைப் பற்றியதா, கையைப் பற்றியதா? 'என்ன சேர்த்தீர்கள்' என்று கேட்க எனக்கு உரிமை உண்டு. 'யார் சேர்த்தது' என்று கேட்க யாருக்கும் இல்லை. மாட்டுக்கறி சாப்பிடும் தோழியின் எதிரில் அதே மேசையில் உட்கார்ந்து சாப்பிட எனக்கு எந்தத் தடையும் இல்லை. தனி மேசை, தனித் தட்டு, தனிப் பந்தி என்று என் மறுப்பு கேட்க ஆரம்பிக்கும் நாளில் அது மனசாட்சியாக இருக்காது, தீட்டாகிவிட்டிருக்கும்.

இன்னொன்று, என் கேள்வி யார் தலையில் விழுகிறது என்பது. முதலாளி அங்கே இருப்பதில்லை. ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து, பலகாரப் பெயர்களில் தமிழ் கற்றுக்கொண்ட ஒரு தம்பி நிற்கிறான். பெருங்காய டப்பாவில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று அவனுக்கு யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். "தெரியல அக்கா" என்று அவன் சொன்னால் அதுதான் அந்த உணவகத்திலேயே நேர்மையான பதில். நான் நன்றி சொல்லிவிட்டு இட்லியும் சட்னியும் கேட்பேன். அஞ்ச வேண்டியது சூப்பர்வைசரின் பதிலுக்கு: "கொஞ்சூண்டுதான் மேடம், ஒண்ணும் ஆகாது." தன்னுடையதல்லாத உடலைப் பற்றி இவ்வளவு உறுதியாகச் சொல்லப்படும் இந்த வாக்கியத்தை எந்தப் பெண்தான் உணவகத்துக்கு வெளியே கேட்டதில்லை?

கல்லூரிச் சாலையில் தள்ளுவண்டியில் கூழ் விற்கும் ஒரு அக்கா இருக்கிறார். கம்பங்கூழ், கேழ்வரகுக் கூழ், மோர் மிளகாய், மாங்காய். முதல் நாளே கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "மோர் ஊத்தவா, வேணாமா?" வேண்டாம் என்றேன். உப்புத் தண்ணீர் விட்டுக் கரைத்துக் கொடுத்தார். "மோர் மிளகா தயிர்ல ஊறினது, அதுவும் வேணாம்ல? மாங்கா வச்சுக்க." ஏன் என்று கேட்கவில்லை. அவர் கூழில் என்ன இருக்கிறது என்பது அவருக்கு முழுக்கத் தெரியும், ஏனென்றால் இருட்டோடு எழுந்து காய்ச்சியவர் அவர்தான். இதை வறுமையின் பெருமையாக நான் பாடப்போவதில்லை. அந்த வேலையின் அலுப்பு அவர் தோளில் தெரிகிறது. ஆனால் இரண்டு பதில்களையும் சமமாக எடுத்துக்கொள்ளும் ஒரு கேள்வி எப்படி ஒலிக்கும் என்பதை அங்கேதான் கேட்டேன்.

பால் வேண்டாம், இந்த வரன் வேண்டாம், இரண்டாவது குழந்தை வேண்டாம், இன்றிரவு வேண்டாம். இவை ஒரே எடையுள்ளவை அல்ல. ஆனால் எல்லாவற்றையும் சொல்வது ஒரே வாய். சின்ன வேண்டாமுக்கே மருத்துவரையும் சாமியையும் சாட்சிக்கு அழைத்துப் பழகிய வாய், பெரிய வேண்டாமுக்கு யாரை அழைக்கும்? நான் பாலுக்குக் காரணம் சொல்வதை நிறுத்திவிட்டேன். "ஏன் மேடம்?" என்றால் "வேண்டாம்ப்பா" என்கிறேன். சிரித்துக்கொண்டுதான் சொல்கிறேன். சில நாள் கறுப்புக் காபி வருகிறது. சில நாள் பால் ஊற்றியே வருகிறது, திருப்பி அனுப்புகிறேன்.